குளிர்ந்த உடம்பு

“பூதானே வெக்கக் கூடாது? வாசனைய வெக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டுக்கொண்டே என் மகள் அந்த சென்ட் பாட்டிலை என் கையில் திணித்தாள். சென்னைக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவளுக்கு வாய் நீண்டுவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கண்ணாடி பாட்டில். மல்லிகை சென்ட். நான் “சரி” என்றேன். அவள் அப்பா போனதிலிருந்து நான் பேசியதில் பாதிக்கு மேல் அந்த ஒரு வார்த்தைதான். சோறு போடட்டுமா, சரி. ஃபேனை நிறுத்தட்டுமா, சரி. யாராவது “கிணத்துல குதிக்கறியா” என்று கேட்டிருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு, எந்தக் கிணறு என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

அவர் அரிசி மில்லில் நெல் அவிக்கிற இடத்தில் வேலை செய்தார். ஒரு நாள் வேலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. நான் அழவில்லை. அழக் கூடாது என்றில்லை, வரவில்லை. கருமாதியன்று என்னை உட்காரவைத்துத் தலை நிறையப் பூ வைத்தார்கள், கை நிறைய வளையல் போட்டார்கள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூ வைத்ததில்லை. எடுப்பதற்காகவே வைக்கிற பூ அது. எடுக்கும்போது பெண்கள் எல்லோரும் ஓவென்று அழுதார்கள். என் நாத்தனார் என் தொடையைக் கிள்ளி, “அழுதுடுடி, நெஞ்சு அடைச்சிக்கும்” என்றாள். கிள்ளியது வலித்தது. அவ்வளவுதான். தலையில் அத்தனை பூ இருந்ததே, அதன் வாசனைகூட என் மூக்குக்குத் தெரியவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதில் சிரிப்பு என்னவென்றால், அவருக்கு மல்லிகைப் பூவே பிடிக்காது. தலை வலிக்கும் என்பார். நான் கடையிலிருந்து வந்ததும், “அந்தப் பூவ எடுத்து ஜன்னல்ல மாட்டு, அப்புறமா உள்ள வா” என்பார். நானும் எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். காலையில் பார்த்தால் அப்படியே வாடாமல் இருக்கும். என்னுடையது குளிர்ந்த உடம்பு என்று என் அம்மா சொல்லுவாள். சூட்டு உடம்புக்காரிகள் தலையில் பூ மத்தியானத்துக்குள் கருகிவிடும். என் தலையில் வைத்தது மறுநாள் சாமி படத்துக்குப் போடலாம் போல இருக்கும். போட்டதில்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

நான் ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் வேலை செய்கிறேன். மேல்மாடியில் முகூர்த்தப் புடவை, கீழே காட்டனும் தினப்படிப் புடவையும். பல வருஷம் நான் மேலேதான் இருந்தேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவை முடிவானதும் பில் போட்டுப் பையில் திணித்துக் கொடுத்துவிட மாட்டோம். ஒரு தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு வைத்து, மேலே புடவையை வைத்து, எங்களில் ஒரு சுமங்கலி அதை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கையில் கொடுப்பாள். அந்த வேலை என்னுடையது. எனக்குக் கைராசி என்று பேர். மூத்த பெண்ணுக்கு என் கையால் வாங்கிப் போனவர்கள், இளையவளுக்கு எடுக்க வரும்போது நான் சாப்பிடப் போயிருந்தால் காத்திருந்து வாங்கிப் போவார்கள். சேல்ஸில் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். மற்றபடி நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரி இல்லை.

துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது முதலாளி கூப்பிட்டு, “கொஞ்ச நாளைக்குக் கீழ இரும்மா. படியேற வேணாம், உனக்கும் மனசுக்கு நல்லாருக்கும்” என்றார். நல்ல மனுஷர். காரியச் செலவுக்குக்கூடக் கொடுத்தார். சரிங்க என்றேன். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேலே போக வேண்டும் என்ற ஆசை எனக்குள் எங்கோ இருந்தது. இருக்கிறது என்று தெரியும், தொட்டுப் பார்த்தால் உணர்ச்சி இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, அப்படி.

கடைப் பெண்களுக்குத் தினமும் காலையில் கடைச் செலவில் பூ வரும். யூனிஃபார்ம் புடவையும் தலையில் பூவும் இருந்தால்தான் மேலே நிற்கவிடுவார்கள். நான் திரும்பி வந்த முதல் நாள் யாரோ மறந்துபோய்ப் பூச்சரத்தை எனக்கும் சேர்த்துத் துண்டு போட்டுவிட்டார்கள். கூடையில் ஒரு துண்டு மிஞ்சிக் கிடந்தது. எல்லோரும் அதைப் பார்க்காத மாதிரி நின்றார்கள். கடைசியில் மேல்மாடிக்காரி ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், மெதுவாக வந்து, “அக்கா, நான் எடுத்துக்கட்டுமா?” என்றாள். சரி என்றேன். அதிலிருந்து என் பங்கும் அவள் தலைக்குத்தான் போயிற்று. அவள் புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், வருஷக்கணக்கில் ஆள் இல்லை, போனும் இல்லை. அங்கே வேறு குடும்பம் இருக்கிறதென்று ஊரே சொன்னது. அவள் மட்டும் தாலியும் பொட்டும் இரட்டைப் பூவுமாக ஜம்மென்று வருவாள்.

மகள் கொடுத்த பாட்டிலைப் பையிலேயே வைத்திருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு ரூமில் டிபன் பாக்ஸ் எடுக்கும்போது அதுவும் கூட வந்து விழுந்தது. விட்டார்களா? ஆளாளுக்கு அடித்துப் பார்த்துவிட்டார்கள். “துணில அடிக்காதீங்க, கையில அடிக்காதீங்க, ஜரிகை கறுத்துடும்” என்று சூப்பர்வைசர் கத்தினார். அதனால் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அடித்துக்கொண்டோம்.

ஒரே பாட்டில், ஒரே சென்ட். ஆனால் யாரிடமும் ஒரே மாதிரி நிற்கவில்லை. சபைக்குப் போகிற ஒரு பெண் இருக்கிறாள். அவர்கள் சபையில் பூ வைக்க மாட்டார்கள், முதலாளியிடம் பேசி அவளுக்கு மட்டும் விலக்கு. அவள் மேல் அது பூவாகவே இல்லை, இப்போதுதான் குளித்துவிட்டு வந்த சோப்பு வாசனை. “எங்க பாஸ்டரம்மா பக்கத்துல வந்து மோந்தாகூடக் கண்டுபிடிக்க மாட்டாங்க” என்று சந்தோஷமாக இன்னொரு தரம் அடித்துக்கொண்டாள். இரட்டைப் பூக்காரிக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது. டீ வருவதற்குள் புளித்துப்போய், நேற்றுக் கழற்றி மூலையில் போட்ட பூ மாதிரி ஆகிவிட்டது. “எனக்கு சூட்டு உடம்புக்கா, எது வெச்சாலும் இப்படித்தான்” என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கத்திக்கொண்டிருந்த சூப்பர்வைசர் மேலும் விளையாட்டுக்கு ஒரு தரம் அடித்துவிட்டார்கள். அவரிடம் மல்லிகை ஊதுபத்தியாகிப் போனது. மறுநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். “எவ தலைப் பூவு இதுன்னு கேட்டுகினு எம் பொண்டாட்டி சோறே போடல. ஒரே பேஜாரு. யாராவது போன் போட்டுச் சொல்லுங்கம்மா” என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், வாய் அசைந்தது.

என் மேல் அடித்தது மட்டும் நிஜப் பூவாகவே நின்றது. மத்தியானம் அடித்தது கடை மூடும்வரை போகவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து என் கழுத்தருகே மோந்து பார்த்தாள். “அக்கா, சத்தியமா பூ வெச்ச மாதிரியே கீது. அப்பப் பறிச்ச மொட்டு.” குளிர்ந்த உடம்பு என்றேன். ஆனால் எனக்கு மட்டும் அந்த வாசனை தெரியவில்லை. அவரவர் சென்ட் அவரவர் மூக்குக்குச் சீக்கிரம் பழகிப்போகும் என்று மகள் போனில் சொன்னாள். பழகிப்போக முதலில் ஒரு தரமாவது தெரிய வேண்டுமே? அடித்த நிமிஷத்திலேயே எனக்கு அது வெறும் ஈரம்தான். இருந்தாலும் தினமும் அடித்துக்கொண்டேன். மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், சரி என்று அடித்துக்கொண்டேன்.

ஆவணி முகூர்த்தக் கூட்டம். மேலே நிற்க இடமில்லை. பிரித்துப் போட்ட பட்டெல்லாம் மலையாகக் கிடக்கிறது, மடிக்க ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் கீழே எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். “ஜல்தியா வாம்மா, மடிச்சுக் குடுத்துட்டுப் போயிடு.” மடிக்க மட்டும்தான் என்பதை அவர் சொன்ன விதத்திலேயே சொல்லிவிட்டார். படியேறினேன். எத்தனையோ மாதம் கழித்து ஏறுகிறேன், கால் தானாகவே போயிற்று.

நான் மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே தேவிகாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டுக் கும்பல். மாப்பிள்ளையின் அம்மா நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கல்யாணப் பெண், தலையைத் தூக்காமல். அரக்குப் பட்டு முடிவாயிற்று. தாம்பாளம் வந்தது. நான் குனிந்து அவர்கள் முன்னால் கிடந்த மற்ற புடவைகளை அள்ளினேன். அந்த அம்மா மூச்சை இழுத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா வாசனையா பூ வெச்சிகினு கீறே! மகாலட்சுமியாட்டம் கீது. நீயே உன் கையால எடுத்துக் குடும்மா.”

முன்னாலிருந்து பார்த்தால் தெரியாதுதான். அதே யூனிஃபார்ம் புடவை, மகள் கட்டாயப்படுத்தியதால் ஒட்டிக்கொண்ட ஸ்டிக்கர் பொட்டு. பின்னால் வெறும் தலை என்பது பின்னால் நின்றவர்களுக்குத்தான் தெரியும். இரட்டைப் பூக்காரி தாம்பாளத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். சூப்பர்வைசர் சீலிங்கைப் பார்த்தார். வாங்கிக் கொடுத்துவிட்டால் முடிந்துபோகும். என் வேலை, என் தாம்பாளம், என் கைராசி, எல்லாம் ஒரு எட்டில் இருந்தது. வேண்டும் என்று முதல் தடவையாக எனக்கு நிஜமாகவே தோன்றியது. கை நீண்டும்விட்டது.

ஆனால் அந்தக் கல்யாணப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நாளைக்கு யார் மூலமாவது தெரிந்து, அந்தப் புடவையைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் பயப்பட வேண்டுமா?

“பூவு இல்லீங்கம்மா, சென்ட்டு” என்றேன். “எங்க வூட்டுக்காரர் செத்துட்டாருங்க.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதை அதுவரை நான் என் வாயால் சொன்னதே இல்லை. சின்ன ஊர். எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை, நான் சொல்ல வேண்டி வந்ததில்லை.

அந்த அம்மா பதறவில்லை, திட்டவுமில்லை. என் கையைப் பிடித்து, “எத்தினி மாசம்மா ஆச்சு?” என்றார். தையில் போனாருங்க என்றேன். “பாவம். சின்ன வயசுதான் உனக்கு” என்றார். கையை விடாமலே, “வாசனை ஒண்ணும் கொறை இல்லம்மா, நல்லாத்தான் கீது” என்றார். பிறகு கையை மெதுவாக விட்டார். என் தோளுக்கு மேலே பார்த்து, “நீ குடும்மா” என்றார், இரட்டைப் பூக்காரியிடம்.

அவள் கொடுத்தாள். அந்த அம்மா புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவளுக்குக் குங்குமம் எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். நான் புடவைக் குவியலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படி முனைக்குப் போனேன். அவள் என் பின்னாலேயே ஓடி வந்தாள். நெற்றியில் புதுக் குங்குமம்.

“அக்கா, அவன் உசுரோட கீறானா செத்தானான்னே எனக்குத் தெரியாதுக்கா” என்றாள். “தெரியலன்னுதான் எனக்குப் பூவு.”

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த அம்மா மேலும் இல்லை. கோபமெல்லாம் அவர் மேல்தான் வந்தது. தலை வலிக்குது, ஜன்னலில் மாட்டு என்று தினம் தினம் விரட்டின மனுஷன். ஒரு முழம் பூ வாங்கித் தராத மனுஷன். போகிறபோது பூவை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாரே. அவ்வளவு பிடிக்காதது எதற்கு உனக்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்க ஆள் இல்லை. இனிமேல் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்த ஆள் இல்லை.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை. இரண்டு கையிலும் புடவை, துடைக்கக் கை இல்லை. முழங்கையை மடக்கி முகத்தருகே கொண்டுபோய் அந்த மடிப்பால் துடைத்தேன். அப்போது வந்தது மல்லிகை வாசனை, பச்சையாக, தலை வலிக்கிற அளவுக்கு. நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் மடியிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தாள்.