கோழி இறக்கையில் ஒரு கை

மயிலாப்பூரில் நான் வேலை செய்யும் பள்ளியில், முதுகெலும்பிகள் பாடத்தை வருடக்கணக்காக ஒரே ஒழுங்கில் நடத்துகிறேன். மீனில் தொடங்கி மனிதன்வரை, கரும்பலகையில் அம்புக்குறி போட்டு. அதே பள்ளியில் படிக்கும் என் மகளின் வகுப்புக்கு இந்த வருடம் புதிய ஆசிரியை வந்திருக்கிறார்.

ஞாயிறு மதியம் மகள் கோழி இறக்கையைத் தின்று முடித்து, எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கினாள்.

“பாரும்மா, மேல ஒண்ணு, அடுத்து ரெண்டு, அப்புறம் குட்டி குட்டியா. அப்படியே என் கை! எல்லாம் மீன் துடுப்புலேர்ந்து வந்ததாம். மிஸ் சொன்னாங்க.”

“இதைத்தானே நானும் நடத்தறேன்?”

“நீ எழுதிப்போடுவே. மிஸ் தொட்டுப் பாக்கச் சொல்றாங்க.”



மறுநாள் மிஸ்ஸிடம் காட்ட வேண்டும் என்றாள். எலும்புகளை நானே வேகவைத்துக் கழுவி, வெள்ளை அட்டையில் வரிசையாக ஒட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதினேன். அந்த மிஸ் என் கையெழுத்தையும் பார்க்கட்டும்.

மகள் எட்டிப் பார்த்து அலறினாள். “ஐயோ, பேரை ஏம்மா எழுதினே? நாங்களே கண்டுபிடிக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க!”

எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனாள். நான் எழுதிய பெயர்கள் மட்டும் அட்டையில் மிஞ்சின.