முதலில் எது?

மேலப்பாளையத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்காரர், ஃபேனை நிறுத்திவிட்டு, ஓடுகிற ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்பார். என்னுடையதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“பாதியில நின்னாலும் நின்னுரும் அண்ணாச்சி. மொதல்ல எதைக் காப்பி எடுக்கட்டும்?”

கடை நிறைய ஆட்கள். “மகள் கல்யாண வீடியோ” என்று மட்டும் சொன்னேன். இறந்துபோன என் மனைவி பேசிச் சிரிப்பது அதில்தான் இருக்கிறது.

காப்பி நகரவே இல்லை. என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவரோ டிஸ்க்கிடம், “பைய, மெதுவா போலே, ஒன்னைய யாரு வெரட்டுதா?” என்றார்.

வீடியோ வந்து சேர்ந்தது. சற்று நேரத்தில் டிஸ்க் நின்றேவிட்டது. அவர் வீடியோவை ஓடவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்.

“எல்லாரும் எந்திரிங்க, டீ குடிச்சிட்டு வருவோம்.”

“வேலை நேரத்துல என்னவே டீ?” என்ற ஒருவரையும் தோளைப் பிடித்து, என்னை மட்டும் விட்டுவிட்டு வெளியே கூட்டிப்போனார்.

மனைவியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.