வெர்னாவைச் சாகடித்த கட்டுரை

மருத்துவக் கல்லூரிகள் எல்லாமே மாரிட்டுக்குக் கையை விரித்துவிட்டன. "மதிப்பெண்ணுக்குக் குறையில்ல. நோயாளிகளோட பழகின அனுபவந்தான் இல்ல. ஒரு வருஷம் அதைச் சேத்துக்கிட்டு மறுபடி விண்ணப்பம் போடு" என்றார் கல்லூரி ஆலோசகர். அப்படித்தான் அவள் அமெரிக்காவின் டுலூத் நகரில் ஏரிக்கரையை ஒட்டிய முதியோர் இல்லத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள்.

விடிவதற்குள் பனியைச் சுரண்டிக் காரை எடுக்க வேண்டும். போனதும் முதியவர்களைத் தூக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். வீடு திரும்பி நுழைவுத் தேர்வுப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே கண் சொருகிவிடும். முதுகுவலி மட்டும் தூங்காது.

அங்கே வெர்னா என்றொரு கிழவி இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை; கரண்டியை வாய்வரை கொண்டுபோகக் கையும் நிலைக்காது. வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை. கல்லூரி விண்ணப்பத்தோடு தன் அனுபவத்தைச் சொல்லும் கட்டுரை ஒன்றும் அனுப்ப வேண்டும்; மாரிட் அதை அவளைப் பற்றித்தான் எழுதினாள்.

அங்கே வெகுகாலமாக வேலை பார்க்கும் ரொண்டா, சாப்பாட்டு இடைவேளையில் அதை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி இது? வெர்னா செத்துட்டாளா?"

"கடைசியில ஒரு அழுத்தம் வேணும்னு..."

"இப்பத்தானே அவளுக்குச் சோறு ஊட்டிட்டு வந்தே?"

களைப்பில் எழுதியபோது மாரிட்டுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை.

"அவகிட்டயே சொல்லிடு" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள் ரொண்டா.

சாயங்காலம் வெர்னாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது மாரிட் விஷயத்தைச் சொன்னாள். கிழவி கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"எப்படிச் செத்தேன்?"

"தூக்கத்துல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

"தூக்கத்துலன்னா சரி. ஆனா நான் எதுக்குடி உன் கையைப் பிடிக்கப்போறேன்? போன வாரம் கஞ்சிக் கிண்ணத்தை உன் மேல எறிஞ்சேனே, அதை எழுது."

"அதை எழுதினா இடம் கிடைக்காது, வெர்னா."

"செத்தவளை வெச்சா கிடைக்கும்?" கிழவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "விளக்கை அணைச்சிட்டுப் போ."

அவளுக்கு மனம் புண்பட்டிருந்தது. பல நாள் மாரிட் ஊட்ட வந்தால் வாயைத் திறக்கவில்லை. ரொண்டா வந்தால்தான் சாப்பிட்டாள்.

மாரிட் கட்டுரையை முதலிலிருந்து எழுதினாள். கஞ்சி தலையில் வழிந்ததையும், அன்று குளியலறையில் நின்று வெர்னாவை வெறுத்ததையும், மறுநாள் அவளையே குளிப்பாட்டியதையும் எழுதினாள். அழகாக வரவில்லை. அப்படியே அனுப்பினாள்.

ஒரே ஒரு கல்லூரி நேர்முகத்துக்கு அழைத்தது. போய் வந்தாள். காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். ஏரியில் பனி உடைந்து கோடை வந்த பிறகும் தகவல் இல்லை. மேற்பார்வையாளர் கேட்டபோது, அடுத்த குளிர்காலத்துக்கும் வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டாள்.

அன்று வேலை முடிந்து காரில் ஏறியவள், சாவியைப் போடவும் தெம்பில்லாமல், இருக்கையைச் சாய்த்து அங்கேயே தூங்கிப்போனாள்.