ஒரு லொங்காங், இரண்டு பல்கலைக்கழகங்கள்

இன்று காலை காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் லொங்காங்கை, அதாவது சாக்கடையை, சுத்தம் செய்ய ஒரு பல்கலைக்கழகத்தார் வந்தார்கள். குப்பையோடு, அதில் நட்டிருந்த மஞ்சள் குச்சியையும் பிடுங்கிப் போட்டார்கள்.

"அய்யோ மேடம், அது வெள்ளம் அளக்கிற குச்சி! போன மாசம் இன்னொரு யூனிலேர்ந்து வந்து நட்டாங்க," என்று கத்தினேன்.

"எந்த யூனி?" என்றார் மாணவர்களைக் கூட்டி வந்த விரிவுரையாளர்.

அவர் தலைக்கு மேலே தொங்கிய பேனரில், ‘நீடித்த வளர்ச்சிக்கான கூட்டு ஆய்வு ஒப்பந்தம்’ என்பதற்குக் கீழே இரண்டு சின்னங்கள். இரண்டாவதைக் காட்டினேன்.

"ஓ, அவங்களா? அவங்க வேற குரூப்பு லா."

வானம் கறுத்துவிட்டது. போன மழைக்கு நடுவீடு வரை தண்ணீர் வந்தது. உட்காரவே முடியவில்லை; குச்சிக்குப் பதிலாக வெள்ளத்தை நானே அளக்க, தையல் டேப்போடு வாசலில் நிற்கிறேன்.

என்னோடு ஒப்பந்தம் போட எந்தப் பல்கலைக்கழகம் தயார்?