மடங்காத புரதமும் மாமியார் வழக்கும்

கண்ணுக்குத் தெரியாததைக் கையால் மடித்துக் காட்டிப் பிழைக்கும் தொழில் என்னுடையது. பரம்பரை நோய் ஆலோசகர். மாதம் ஒருமுறை வேலூரிலிருந்து பஸ் பிடித்து மலைமேல் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். புரியாததைப் புரியவைத்துச் சம்பளம் வாங்குகிறவர்களே, என் பாட்டைக் கேளுங்கள்.

பலாப்பழ வழக்கு

சரசுவின் குழந்தைக்கு மண்ணீரல் வீங்கி வயிறு முட்டிக்கொண்டு நின்றது. கொழுப்பை உடைக்க வேண்டிய ஒரு புரதம் அவனுக்கு ஒழுங்காக மடங்கவில்லை என்று பரிசோதனை சொன்னது. சரசுவுடன் வந்த மாமியார், சொந்த அத்தைதான், என்னை வாய் திறக்கவே விடவில்லை. நோய்க்குக் காரணம் பலாப்பழம், கிரகணம் என்று எத்தனையோ கேட்டவள் நான். ஆனாலும் மாமியார் சொன்னதற்குச் சரசு தலைகுனிந்து நின்றதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது.

"வயித்துல இருக்கறப்போ பலாப்பழமா தின்னா. இவள அவங்க அம்மா வூட்டுக்கே அனுப்பிடப் போறோம்."

துண்டுப் பாடம்

அடுத்த மாதம் கணவன் கோவிந்தனும் வந்தார். அவர் தோள் துண்டை வாங்கி மடித்துக் காட்டினேன். புரதம் செல்லுக்குள் நூல் போல நீளமாக உருவாகும். அதன் மேல் ஒரு சர்க்கரைக் கொத்து ஒட்டும். அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு, சாப்பரோன் என்ற துணைப் புரதம் அது மடங்க உதவும். சரியாக மடங்காததைச் சோதனைக்காரப் புரதம் கண்டுபிடித்து, மறுபடி ஒரு சர்க்கரை வைத்துத் துணையிடமே அனுப்பும். அப்படியும் தேறாதது குப்பைக்குப் போகும். உங்கள் பையனுக்கு நடப்பது அதுதான் என்றேன். கோவிந்தன் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பெயிலானவனுக்கா மேடம் சக்கரை தர்றாங்க?"

அண்ணன் வீடு

ஏன் மடங்கவில்லை என்று சரசு கேட்டாள். அவள் வாய் திறந்தது அன்றுதான். புரதம் செய்யும் குறிப்பு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். இரண்டிலும் பிழை இருந்தால்தான் இந்த நோய். கோவிந்தன் மாமன் மகளைக் கட்டியதால் இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி. பிழை அங்கிருந்து வந்திருக்கலாம், யார் மீதும் குற்றமில்லை என்றேன். சரியாக மடங்கிய புரதத்தையே ஊசியாகப் போட வழியுண்டு என்றும் சொன்னேன். மாமியார் பலாப்பழத்தை மறுபடி எடுத்தார். கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவள அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்பு. நீயும் கெளம்பும்மா, அது உன் அண்ணன் வூடுதான?"

சரசு கணவனோடும் குழந்தையோடும் ஊசிக்கு வந்துகொண்டிருக்கிறாள். துணைப் புரதம் கொடுத்துவைத்தது, மாமியார்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை அதற்கு இல்லை.