அம்மா ஏறிப் பார்த்த வேலை

ஏரி வறண்டு கிடந்த ஒரு கோடையில் நாமக்கல்லுக்கு ஆகாய விமானம் வந்து இறங்கியது. அப்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். முன்னால் பயணி, பின்னால் ஓட்டுபவர். ஐந்து ரூபாய் கொடுத்தால் பத்து நிமிடம் வானத்தில் சுற்றிக் காட்டுவதாகத் தமுக்கு அடித்தார்கள். முதல் நாள் ஊரே ஏரிக்குள் இறங்கி வேடிக்கை பார்த்தது. ஒருவரும் ஏறவில்லை.

அப்பா பஸ்களுக்குப் பெட்ரோல் டின் விற்கும் கடை வைத்திருந்தார். பெட்ரோல் கேட்டு வந்த விமானி எங்கள் வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. மெட்ராஸ்காரர், முப்பது வயதிருக்கும். அவர் வந்ததில் எல்லாரையும்விட மாமாவுக்குத்தான் சந்தோஷம். மாமா அம்மாவின் தம்பி, சேந்தமங்கலத்தில் இருந்தவர். சேலம் காலேஜில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு, மெட்ராஸ் போய் விமானம் ஓட்டக் கற்கவேண்டும், அதற்கு அம்மாவின் காசுமாலையை விற்றுத் தரவேண்டும் என்று ஒரு மாதமாக எங்கள் வீட்டோடு தங்கி நச்சரித்துக்கொண்டிருந்தார்.

இலையில் உட்கார்ந்ததும் அப்பா விசாரணையை ஆரம்பித்தார்.

“ஏனுங்க, இந்த வேலையில மாசம் என்ன வருமுங்க?”

“கம்பெனியில சேர்ந்துட்டா தாசில்தாருக்கு மேலயே வரும் சார். சேரணுமே! பெரும்பாலும் வெள்ளைக்காரனைத்தான் எடுக்கறான். ஒரு இடம் காலின்னா அம்பது பேர் மனு போடறோம்.”

“லைசென்ஸ் வாங்கியிருந்தாக் கூடவுங்களா?” என்று மாமா இடையில் புகுந்தார்.

“ஒரு லைசென்ஸ் பத்தாது தம்பி. காசு வாங்கிக்கிட்டு ஆளை ஏத்தணும்னா ரெண்டாவது ஒண்ணு வேணும். அதுக்கு எத்தனையோ மணி நேரம் பறந்து காட்டணும். ஒவ்வொரு மணிக்கும் நாமதான் பணம் கட்டணும். அதுக்கு மேல டாக்டர் பரீட்சை. கண்ணுல கொஞ்சம் குறைன்னாலும் அன்னிக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.” ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு அவர் சிரித்தார். “நானே சம்பளத்துல இருந்தா உங்க ஏரியில எதுக்கு சார் வந்து இறங்கறேன்?”

அப்பாவும் சிரித்தார். மாமா பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார். வழக்குத் தீர்ந்தது போல அப்பா கை கழுவ எழுந்தார்.

மறுநாள் காலையில் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: “நானும் ஒருக்கா அதுல ஏறிப் பாக்கறேனுங்க.”

“புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஊரு என்ன பேசும்?”

“எந்தம்பி என் நகையைக் கேக்கறான். அது என்ன பொழப்புன்னு நான் கண்ணுல பாக்க வேண்டாமுங்களா?”

அம்மா இப்படி எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏரிக்கு நடந்தார்.

விமானி கொடுத்த தோல் குல்லாய் அம்மாவின் கொண்டைக்கு மேல் ஏறவில்லை. அத்தனை ஜனங்களுக்கு முன்னால் கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு, குல்லாயைப் போட்டுக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி ஏறி உட்கார்ந்தாள். விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி எழும்பியது. கொல்லிமலைப் பக்கமாகப் போய்ப் புள்ளியாகி, சத்தமும் நின்றது. நான் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். அது ஈரமாக இருந்தது.

திரும்பி வந்த அம்மா தானாகவே இறங்கித் தண்ணீர் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. காற்றுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விமானி சொன்னார்.

ஒரு பொம்பளையே ஏறிவிட்டாள் என்றதும் ஊர் ஆண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அப்பாவின் கடையில் பெட்ரோல் டின் தீர்ந்துபோயிற்று. அதனால்தானோ என்னவோ, அன்றே அம்மா காசுமாலையை எடுத்து மாமாவிடம் கொடுத்தபோது அப்பா குறுக்கே நிற்கவில்லை.

விமானி சொன்னது ஒன்றும் பொய்யாகவில்லை. மாமா இரண்டு லைசென்ஸும் வாங்கிக்கொண்டு வந்து நாலு வருஷம் சேலம் பஸ் ஓட்டினார். யுத்தம் வந்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டார்கள். பையன்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பட்டுச்சேலை வந்தது. காசுமாலையைப் பற்றி அவரும் பேசவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

நகையைக் கொடுத்த மறுநாள், எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். “வேலை கெடைக்காதுன்னு விமானம் ஓட்டறவரே சொன்னாரே. அப்பறம் ஏம்மா குடுத்தே?”

“மேல போனதும் எங்கம்மா ஊடு தெரிஞ்சுது சாமி. மலைக்கு அடியில கெணறு, களம் எல்லாம் அப்படியே. இத்தனை கிட்டத்துலயா இருக்குதுன்னு பாத்தேன்.”

“சேந்தமங்கலம் ஏழே மைலும்மா. மைல்கல்லுலயே போட்டிருக்குது” என்று பள்ளிக்கூடத்துப் பெருமையோடு அம்மாவைத் திருத்தினேன்.

பின்னலில் அவள் கை நின்றது. “ஏழு மைலா சாமி?” என்றாள்.

இதுகூடத் தெரியாமல் இருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் அவள் அந்த ஏழு மைலைக் கடந்தது நாலே தடவை, அதிலும் இரண்டு சாவுக்கு. அதையெல்லாம் எண்ணிப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை.