அடைப்பு வீட்டில் பால் காய்ச்சியவர்

இருமலை அடக்கிக்கொண்டு வாடகைக்கு வீடு கேட்டவர் எங்கள் ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

திருச்சுழியில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அவர் அடுத்த வீட்டுக்காரர். அறுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை, பருத்தி மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் வாட்ச்மேன். பல வருசத்துப் பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி, பேச்சுக்கு முன்னால் இருமல்தான் வரும். ஐப்பசி மழையில் அவருடைய மண்சுவர் வீடு பின்பக்கமாகச் சரிந்தது. ஆள் வேலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார். இடத்துக்காரர் அடுத்த வாரமே ஜேசிபி வைத்து மிச்சத்தையும் தள்ளிவிட்டார்.

எங்களுடையது ஒரே அறை, அதில் பாதி கிரைண்டருக்கு. அவருடைய கட்டிலையும் தகரப் பெட்டியையும் கூரைக்கடியில் வைக்க மட்டும் இடம் இருந்தது. அவர் பஸ் ஸ்டாப்பு சிமெண்டு பெஞ்சில் படுக்கப் போனார். ஈரக்காற்று அந்த நெஞ்சை என்ன பாடுபடுத்தும் என்று நினைத்துக்கொண்டே கிடப்பேன். காலையில் சூடாக இரண்டு இட்லி கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவேன்.

அவரால் வாடகை கொடுக்க முடியும். ஆனாலும் வீடு கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆகாத நட்சத்திரத்தில் ஒருவர் இறந்துவிட்டால் அது அடைப்பு. உயிர் போன அறையை ஆறு மாசம் பூட்டிவைத்து, பொழுது சாய்ந்ததும் அதன் வாசலில் விளக்கேற்ற வேண்டும். முடிகிறவரை அந்த வீட்டில் நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது. வாடகைக்கு வந்த கிழவன் தன் வீட்டில் செத்துத் தொலைத்தால் என்ன செய்வது என்பது வீட்டுக்காரர்களின் பயம். உயிரோடு நிற்கிற மனிதருக்குச் சாவு நட்சத்திரம் பார்க்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீடு பாக்குற நேரத்துல இருமிப்புடாதீக, அண்ணே" என்று சொல்லித்தான் அவரை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். வீட்டுக்காரர் அடுப்படியைக் காட்டினார், குழாயைத் திறந்து காட்டினார். நம்ம ஆள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். முகம் சிவந்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்னங்க, அழுகுறீக?" என்றார் வீட்டுக்காரர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவ்வளவுதான். உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. இருமி முடிப்பதற்குள் அந்த வீட்டுக்கு எங்கிருந்தோ வீட்டுக்காரரின் மச்சான் ஒருவர் குடிவருவதாகிவிட்டது. தெருவில் இறங்கியதும் நான் கத்தத் தொடங்கினேன். அவரோ, "குழாத் தண்ணி நல்லாத்தேன் வருது, தாயி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எங்கள் தெருக் கடைசியில் உண்மையாகவே ஓர் அடைப்பு வீடு இருந்தது. அங்கே தனியாக இருந்த அம்மா அதே ஐப்பசியில் இறந்துபோனார். மகனுக்கு வெளியூரில் வேலை. மருமகள் பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை வந்து, பஸ் மாறி, தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்புவாள். போகும்போது என்னிடம் மாவு வாங்குவாள்.

"வெளக்கேத்த ஆளு வச்சேன்க்கா. ரெண்டாம் நாளே பயந்து ஓடிருச்சு" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

மாவு அள்ளிய கரண்டியோடு அப்படியே நின்றேன். "ஓடாத ஆளு ஒருத்தர் இருக்காக. அங்கனயே தங்கிக்கிருவாக."

"அடைப்பு வீட்டுலயா? என்னக்கா பேசுறீக!"

"பூட்டுனது உள் அறைதான? பின்கட்டுக்குத் தனி வாசல் இருக்குல்ல?"

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. புருசனிடம் போனில் கேட்டாள், சாத்திரம் தெரிந்தவரிடமும் கேட்டாள். நாலைந்து நாள் கழித்து, அடைப்பு முடிகிறவரைக்கும் இருக்கட்டும் என்று பின்கட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாப்புக்கு ஓடிப்போய் விசயத்தைச் சொன்னேன். "பயமா இருந்தாச் சொல்லிருங்க, அண்ணே."

"எதுக்குத் தாயி பயம்? உசுரோட இருக்கவுக கதவத் தொறக்கல. அந்த அம்மாவாச்சும் தொறந்தாகளே" என்றார்.

அன்றே கட்டிலை நானும் என் வீட்டுக்காரருமாகத் தூக்கிப்போய்ப் போட்டோம். புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்ச வேண்டும். அடைப்பு வீட்டில் அது ஆகாது. அதனால் கடையிலிருந்து டீ வாங்கிக் குடித்தோம். அது எனக்குக் குறையாகவே இருந்தது.

ஒருநாள்கூட விளக்கு தவறவில்லை. ராத்திரி வேலை இருந்தால், ஏற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். தெருப் பிள்ளைகள் அந்த வாசலில் மறுபடி விளையாடத் தொடங்கினார்கள். பேய் இருமுகிறது என்று கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். அவரும் அதற்குச் சேர்ந்து சிரித்தார்.

இதில் ஒரு வினை இருந்தது. அவர் நன்றாக நடமாடுவதைப் பார்த்து ஊருக்குப் பயம் விட்டுப்போனது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, சித்திரையில் குடிவருவதாகச் சொல்லிப் போனது. அண்ணன் தகரப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். எனக்கு ஆறவில்லை. மறுபடியும் அந்த சிமெண்டு பெஞ்சா?

அடைப்பு முடிந்த நாளில் ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்தார், பூட்டிய அறையைத் திறந்தார்கள். மருமகள் புதுப் பாத்திரத்தில் பால் கொண்டுவந்திருந்தாள். புதுக் குடும்பத்துக்குத்தான் என்று நினைத்தேன். நன்றி கெட்டவளை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று மாவுக் கையைக்கூடக் கழுவாமல் போய் நின்றிருந்தேன்.

அவள் முன்கட்டுக்குப் போகவில்லை. நேராகப் பின்கட்டுக்கு வந்து, கட்டில் மேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"எங்க அண்ணே கெளம்பிட்டீக? அவுகளுக்கு முன்பக்கம் போதும்னுட்டாக. இந்தாங்க, அடுப்பப் பத்த வைங்க. குடியிருக்கவுகதான் பால் காய்ச்சணும்."

அவர் தீக்குச்சியைக் கிழித்தார். காற்றில் இரண்டு குச்சி அணைந்துபோயின, மூன்றாவது பற்றியது. பால் பொங்கி வழியும்போது அவருக்கு இருமல் வந்தது. பழக்கதோசத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்லா இருமுங்க, அண்ணே. ஒங்க வீடு" என்றேன்.